அவைக்குறிப்பைக் காத்த உறுப்பினர்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அமைச்சராக இருந்தவர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அமைச்சருக்கு அணை இருக்கும், ஆலை இருக்கும், கல்வெட்டில் பெயர் இருக்கும். ஒரு நாள்கூட அமைச்சராக இல்லாமல், பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்து, இருபத்தோரு ஆண்டுகளை டெல்லியில் செலவிட்ட ஒருவர் நாட்டுக்கு என்ன கொடுத்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு தமிழரின் வாழ்க்கை இருக்கிறது. இரா. செழியன்.

1923 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க காலத்திலிருந்தே அதில் இருந்தவர். 1962இல் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குப் போனார். 1967இலும் 1971இலும் கும்பகோணம் அவரை அனுப்பியது. பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை. வாழ்க்கைக் குறிப்பில் இவ்வளவுதான் வரும். என்னைக் கவர்ந்தது அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலையின் தன்மை.

1962இல் அவர் உள்ளே நுழைந்தபோது நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். காங்கிரசுக்கு 361 இடங்கள். தி.மு.க.வுக்கு மக்களவையில் ஏழே பேர். அண்ணா அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார். நாட்டின் கவனம் முழுவதும் அவர் பேச்சின் மீது இருந்தது. மக்களவையில் விவாத நேரம் கட்சிகளின் பலத்தைப் பார்த்துத்தான் பிரிக்கப்படும். ஏழு பேர் கொண்ட கட்சிக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். மணி அடித்தால் உட்கார வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் மேடைப்பேச்சைப் பேசிவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாலும் தொகுதியில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கட்சியின் எண்ணிக்கை செல்லாது. உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் குலுக்கலில் வரிசைப்படுத்தப்படுகின்றன. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். இரண்டும் அவைக்குறிப்பில் ஏறும். ஏறிய பிறகு அந்தப் பதிலை அரசு திரும்பப் பெற முடியாது. அடுத்த ஆண்டு, அடுத்த அமைச்சர், அடுத்த ஆட்சி வந்தாலும் அது அங்கேயே இருக்கும். ஆளுங்கட்சியில் முந்நூறு பேருக்குள் ஒருவராக இருப்பவருக்கும், ஏழு பேருக்குள் ஒருவராக இருப்பவருக்கும் அந்த ஒரு மணி நேரம் சமமானது. படித்துவிட்டு வருபவன் அங்கே பெரியவன். செழியனைப் போன்றவர்கள் பெயர் வாங்கிய இடம் அதுதான்.

இந்த இடத்தில் இன்னொருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். ஃபெரோஸ் காந்தி. செழியன் டெல்லிக்குப் போவதற்கு முன்பே, 1960 செப்டம்பரில் மறைந்துவிட்டார். ஆளுங்கட்சிக்காரர்; பிரதமர் நேருவின் மருமகன். 1955 டிசம்பரில் காப்பீட்டு நிறுவனங்களில் மக்கள் பணம் எப்படிச் சூறையாடப்படுகிறது என்று ஆதாரங்களோடு பேசினார். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது; 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. அதே எல்.ஐ.சி. முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியதை 1957 டிசம்பர் 16 அன்று அவையில் அவரே எடுத்து வைத்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத ஒன்று அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதாவைத் தனிநபர் மசோதா என்கிறோம். இவை சட்டமாவது மிக அரிது. சுதந்திர இந்தியாவின் வரலாறு முழுவதிலும் பதினான்குதான் சட்டமாகியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஃபெரோஸ் காந்தியுடையது: நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1956. அவையில் பேசும் உறுப்பினர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டமே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே அச்சிடும் பத்திரிகை மீது வழக்குப் போடலாம் என்ற நிலை இருந்தது. உறுப்பினர் பேசலாம், மக்கள் படிக்கக் கூடாது என்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? உள்நோக்கமின்றி உண்மையாக வெளியிடும் செய்திக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதாடி, அதைச் சட்டமாக்கினார்.

செழியனைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் இங்கே இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று நினைக்கலாம். இந்தச் சட்டம் பின்னால் வரும். செழியனின் கதையோடு அது அங்கே சேரும்.

1967இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. மக்களவையில் தி.மு.க.வுக்கு 25 இடங்கள். அதே ஆண்டு டெல்லியில் சத்தமில்லாமல் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. பொதுக்கணக்குக் குழுவின் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் மரபு தொடங்கியது. முதலில் சுதந்திராக் கட்சியின் மினு மசானி, அவருக்குப் பின் வாஜ்பாய். 1971 முதல் 1973 வரை செழியன்.

இந்தக் குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். குழுவில் 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு, இந்தப் பணம் எதற்காக ஒதுக்கப்பட்டது, அதற்கே செலவானதா, ஏன் கூடுதலானது, ஏன் வீணானது என்று துறைச் செயலர்களை வரவழைத்துக் கேட்பார்கள். கூட்டம் மூடிய அறையில் நடக்கும். பார்வையாளர் மாடம் கிடையாது, கைதட்டல் கிடையாது. வீரவசனம் பேசி அங்கே ஒன்றும் சாதிக்க முடியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தன் துறையின் கணக்கு மனப்பாடம். அவரை ஓர் உறுப்பினர் மடக்க வேண்டுமானால் முந்தைய நாள் இரவு அந்தத் தணிக்கை அறிக்கையின் பின்னிணைப்பு வரைக்கும் படித்திருக்க வேண்டும்.

கணிதம் படித்தவருக்கு இது ஏற்ற இடம். கட்சிப் பூசலை வாசலிலேயே விட்டுவிட்டு ஆளுங்கட்சி உறுப்பினர்களையும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட வைப்பது இந்தக் குழுத் தலைவரின் தலையாய வேலை. பெரும்பான்மை அவர்களிடம்தானே இருக்கிறது. தன் கட்சி ஆளாத ஒரு நாட்டின் கணக்கைத் தன் வீட்டுக் கணக்கு போலப் பார்ப்பவரால்தான் அதைச் செய்ய முடியும். டெல்லியில் ஒரு காலத்தில் தனித் திராவிட நாடு கேட்ட கட்சியின் உறுப்பினர், இந்தியக் குடியரசின் மொத்தச் செலவையும் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த நிகழ்வைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இது ஒரு பெரிய திருப்பமாகத் தெரிகிறது. நாடாளுமன்றம் ஒரு கட்சியைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட விதம் இதில் இருக்கிறது. ஒரு மனிதர் அந்த நாடாளுமன்றத்தைத் தனதாக்கிக்கொண்ட விதமும் இருக்கிறது.

இந்தக் குழுவால் போன பணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நடந்து முடிந்த செலவைத்தான் அது பார்க்கிறது. அதன் பரிந்துரையை அரசு ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணமும் ஆவணமாகும்.

இனி 1975. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் விடிவதற்குள் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 21 அன்று நாடாளுமன்றம் கூடியது. கூடியவுடன் அரசு கொண்டுவந்த முதல் தீர்மானம் என்ன தெரியுமா? இந்தக் கூட்டத்தொடரில் அரசின் அவசர அலுவல்கள் மட்டுமே நடக்கும். கேள்வி நேரம் இல்லை, தனிநபர் அலுவல் இல்லை என்பது. ஓர் அரசு எதற்கு அஞ்சுகிறது என்று அறிய வேண்டுமானால், கையில் முழு அதிகாரம் வந்தவுடன் அது முதலில் எதை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சியில் இருந்ததால் அக்கட்சியின் உறுப்பினர்கள் வெளியே இருந்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு அந்த அவையில் எழுந்து பேசும் கடமை கூடுதலாக வந்து சேர்ந்தது. செழியன் நெருக்கடி நிலையை அவையிலேயே எதிர்த்தார். ஜூலை 23 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 336, எதிர்ப்பு 59. முடிவு என்ன ஆகும் என்பது எழுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அது மட்டுமா, அவர்கள் பேசியது வெளியே யாருக்கும் தெரியாது. செய்தித் தணிக்கை விதிகளின்படி அமைச்சர்களின் அறிக்கையை வெளியிடலாம். உறுப்பினர்களின் பேச்சை எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. கும்பகோணத்து வாக்காளர் தன் உறுப்பினர் என்ன பேசினார் என்று மறுநாள் பத்திரிகையில் தேடினால் கிடைக்காது.

ஃபெரோஸ் காந்தியின் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. 1976இல் அந்த நீக்கம் நிரந்தரச் சட்டமானது. நீக்கியது இந்திரா காந்தியின் அரசு. கணவர் வாதாடிப் பெற்ற உரிமையை மனைவியின் ஆட்சி எடுத்தது என்று இதைக் குடும்பக் கதையாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இழந்தவர்கள் நாம்.

தோற்கும் என்று தெரிந்த வாக்கெடுப்பில், அச்சேறாது என்று தெரிந்த பேச்சை ஒருவர் ஏன் பேச வேண்டும்? அவையின் சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் காரணம். பத்திரிகையை அடைத்தார்கள், அவைக்குறிப்பை அழிக்கவில்லை. இன்றைக்கு நெருக்கடி நிலைக் காலத்து விவாதங்களை நாம் எடுத்துப் படிக்கிறோம். ஆதரித்து வாக்களித்த 336 பேரில் பலர் அன்று என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் அதில் இருக்கிறது. எதிர்த்தவர்கள் சொன்னதும் இருக்கிறது.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இங்கேயும் மிசா என்னும் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. சென்னை மத்திய சிறையில் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். செழியனோடு மக்களவையில் உட்கார்ந்திருந்த செங்கல்பட்டு உறுப்பினர் சி. சிட்டிபாபு அந்தச் சிறையில் தாக்கப்பட்டு, 1977 ஜனவரியில் உயிரிழந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் சிறையில் நடந்ததை விசாரித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பதவிக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று கேட்பவர்களுக்கு சிட்டிபாபுவின் பெயரைச் சொல்ல வேண்டும். அவரை நாம் போதுமான அளவு நினைவில் வைத்திருக்கவில்லை என்பது என் வருத்தம்.

1977இல் ஆட்சி மாறியது. நீக்கப்பட்ட சட்டம் மீண்டும் வந்தது. இந்த முறை அதோடு விடவில்லை. 44ஆம் திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு 361ஏ என்ற பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே போனது. நெருக்கடி நிலையில் நடந்தவற்றை விசாரிக்க, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் 1977 மே மாதம் ஆணையம் அமைக்கப்பட்டது. செழியனும் அதே ஆண்டு தி.மு.க.வை விட்டு அண்ணனோடு வெளியேறினார். பின்னர் ஜனதா கட்சிக்குப் போனார். கட்சி மாறியதை வைத்து அவரைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல ஆர்வமில்லை. எந்தக் கட்சியில் இருந்தாலும் அவர் செய்த வேலை ஒன்றாகவே இருந்தது.

ஷா ஆணையம் 1978இல் மூன்று அறிக்கைகள் தந்தது. மிசாவில் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளில் 75,818 பேரும் கைதானார்கள் என்று அந்த அறிக்கையிலிருந்துதான் நாம் சொல்கிறோம். 1976-77இல் எண்பது லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன என்பதும், டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்ட விவரமும், அதிகாரிகள் யார் உத்தரவில் எதைச் செய்தோம் என்று சொன்ன வாக்குமூலங்களும் அதில் உள்ளன. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அறிக்கையின் படிகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. விற்பனைக்கு இல்லை, நூலகத்தில் தேடினால் இல்லை என்ற நிலை வந்தது. வழக்குகளும் சிறப்பு நீதிமன்றங்களும் கரைந்துபோயின.

ஆனால் செழியனிடம் படி இருந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். 2010இல், 87 வயதில், அதைத் தொகுத்துப் பதிப்பித்தார். 'ஷா கமிஷன் ரிப்போர்ட்: லாஸ்ட் அண்ட் ரீகெயின்ட்' என்ற பெயரில் ஆழி பதிப்பகம் வெளியிட்டது. இன்று நெருக்கடி நிலையைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் எவரும் அந்தப் பதிப்புக்குக் கடன்பட்டவர். அறிக்கையை எழுதியது அவர் இல்லை. ஒரு வரிகூட அவருடையது இல்லை. அரசு மறைத்த அரசு ஆவணத்தை ஒரு முன்னாள் உறுப்பினர் தன் சொந்த முயற்சியால் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார். பதவி முடிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் அவர் தன்னை உறுப்பினராகவே கருதினார் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த உழைப்புக்கு வாக்கு கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். 1984இல் தென்சென்னையில் ஜனதா வேட்பாளராக நின்றார். எதிரில் காங்கிரஸ் சார்பில் வைஜெயந்திமாலா. செழியன் தோற்றார். அந்தத் தேர்தல் இந்திரா காந்தியின் படுகொலைக்குப் பின் வீசிய அனுதாப அலையில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அலை இல்லாமல் இருந்திருந்தாலும், பொதுக்கணக்குக் குழுவில் நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தோம் என்று எந்தத் தெருவிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் அவர் பிற்காலத்தில் எடுத்த ஒரு நிலைப்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு உறுப்பினர்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியை அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு கோடியாகி, இரண்டு கோடியாகி, 2011-12 முதல் ஐந்து கோடி. பல கட்சியினரும் வரவேற்றார்கள். செழியன் எதிர்த்தார், அதன் குழப்பங்களையும் முரண்பாடுகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். செலவு செய்வது அரசு, செலவைக் கேள்வி கேட்பது நாடாளுமன்றம். கேள்வி கேட்க வேண்டியவரே நிழற்குடைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் பணம் பரிந்துரைத்தால், அந்தச் செலவை யார் கேட்பது? உச்ச நீதிமன்றம் 2010இல் இத்திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி அது முடிந்த விஷயம். ஆனாலும் செழியன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இன்று தொகுதியில் ஓர் உறுப்பினரை மதிப்பிடும்போது நாம் பார்ப்பது அவர் பெயர் எழுதிய பேருந்து நிழற்குடையைத்தான். அவர் அவையில் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை பேர் கை தூக்குவோம்?

நாம் கேட்காததால் அவையும் மெலிகிறது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் ஒரு கூட்டத்தொடர் நடந்தது. 15ஆவது மக்களவையில் பத்து மசோதாக்களில் ஏழு குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17ஆவதில் இரண்டுகூடப் போகவில்லை. 2023 டிசம்பரில் ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இடைநீக்கம் ஆனவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அவர்கள் இல்லாத நாட்களில் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நிறைவேறின. இதை எந்தக் கட்சியின் மேடையிலிருந்தும் நான் சொல்லவில்லை. 1962இல் ஏழு பேருக்கு இருந்த இடம் இன்று நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இல்லாமல் போகிறது என்றால், அது எல்லோரையும் உறுத்த வேண்டும்.

செழியன் 2017 ஜூன் 6 அன்று வேலூரில், 94 வயதில் காலமானார்.

மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் இருக்கின்றன. பழைய விவாதங்களையும் மின்வடிவில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மக்களவைகளில் செழியன் பேசியவற்றை அங்கேயே படிக்கலாம். உங்கள் தொகுதியின் உறுப்பினர் யார் என்று பார்த்து, கடைசிக் கூட்டத்தொடரில் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று எடுத்துப் படியுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள்: அடுத்த கூட்டத்தொடரில் இதை மறுபடியும் கேளுங்கள், இந்தத் தகவலையும் சேர்த்துக் கேளுங்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஊர் ஏரியைப் பற்றியோ ரயில் பாதையைப் பற்றியோ உங்களுக்குத் தெரிந்தது டெல்லியில் யாருக்கும் தெரியாது. அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். கேள்வி கொடுக்கப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை.